கால்வாய்க்கரை நிலம் யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னைப் பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைப்பது குறித்த பேச்சு ஆண்டுக்கணக்கில் நடந்துவருகிறது. நிலையங்களும் ரயில்களும் கைமாறுவதைப் பற்றிப் பேசுவோர், அவை நிற்கும் நிலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்தத் தடத்தின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயின் மீதும் கரையிலும் அமைந்திருப்பதால், நிலக் கேள்வியைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

1806-இல் வெட்டத் தொடங்கி, 1876–78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக நீட்டிக்கப்பட்ட இக்கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஓடின. தூர் சேர்ந்தும், 1965, 1966 புயல்களில் சிதைந்தும் போக்குவரத்து அற்றுப்போன பின், அதன் அகலத்தை எவரும் காக்கவில்லை. 1990-களில் ரயில் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டன. பிறகு 2008-இல் இதே கால்வாய் தேசிய நீர்வழி 4-இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒரே நிலத்தை நீர்வளத் துறை நீர்வழியாகவும், ரயில்வே தன் தடமாகவும், வருவாய்த் துறை புறம்போக்காகவும் பார்க்கும் நிலை இப்படித்தான் உருவானது.

இதன் சுமை கரையோரக் குடிசைவாசிகள்மீதே விழுகிறது. வேளச்சேரி–பரங்கிமலை நீட்டிப்பில், ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பட்டாதாரர்கள் நீதிமன்றம் சென்றதால் பணி பல ஆண்டுகள் தடைப்பட்டது. உரிய இழப்பீடு கேட்பது அவர்களது உரிமை. அதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால், தலைமுறைகளாகக் கால்வாய்க்கரையில் வாழ்ந்தவர்களுக்கு, பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்றிருப்பதாலேயே பட்டாவும் இல்லை, இழப்பீடும் இல்லை. நகரின் தெற்கே தொலைவிலுள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ ஒரு வீட்டை ஒதுக்கி, பிழைப்பையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுப் போகச் சொல்கிறோம். அரசே கால்வாய்க்குள் தூண் நாட்டலாம், ஏழை கரையில் குடிசை போட்டால் மட்டும் ஆக்கிரமிப்பு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ள நீர் வடிய வழி வேண்டும் என்பது உண்மையே. அந்த அளவுகோல் தூணுக்கும் குடிசைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

எனவே, ஒப்படைப்புக்கு முன் மூன்று துறைகளும் கூட்டாக நில அளவை செய்து, எல்லைக் கல் நட்டு, எந்தப் புல எண் யார் பொறுப்பில் உள்ளது என்பதை வரைபடத்துடன் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கரையோரக் குடும்பங்களின் ஆட்சேபங்களை எழுத்தில் பெற்று விசாரிக்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர், மந்தைவெளி, சென்னை