தங்கச்சியின் போனை அவளிடமே திருப்பிக் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

பத்தாம் வகுப்பு படிக்கும் தங்கச்சியின் படத்தை வைத்து ஒரு ஃபேக் ஐடி அவளை மிரட்டுவதாக எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தில், அதை நடத்துவதாக நீ சந்தேகப்படும் பையனைப் பற்றிப் பதினைந்து வரி இருக்கிறது. எந்தத் தெரு, என்ன வண்டி, எத்தனை மணிக்குத் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பான் என்பது வரை. தங்கச்சியைப் பற்றி ஒரே வரி: "போனை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டியாச்சு, யார்கிட்டயும் பேச மாட்டேங்குறா." நாங்கள் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பீரோவைத் திற. போனை அவள் கையில் கொடு. இன்றைக்கே.

அந்த ஃபேக் ஐடி அனுப்பிய மிரட்டலெல்லாம் அந்தப் போனில்தான் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தவை மறையும் மெசேஜாக இருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ தானே அழிந்துவிடும். இது சின்னக் காரணம். மூன்று வாரம் அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யோசித்தாயா? பெண் பிள்ளைக்கு இப்படி ஒன்று வந்தால் நம் வீடுகளில் முதலில் போன் போகும், அடுத்து டியூஷன் போகும், பிளஸ் ஒன் சேர்க்கிற நேரத்தில் "எதுக்கு இனிமே" என்று சித்தப்பா ஒருத்தர் ஆரம்பிப்பார். இது அவளுக்குத் தெரியும். மிரட்டுகிறவனுக்கும் தெரியும். "உங்க வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்பது பலிப்பதே வீட்டின் மேலுள்ள பயத்தால்தான். போனைப் பூட்டி, அந்தப் பயம் சரிதான் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: "இது உன் தப்பு இல்ல. என்ன பண்ணாலும் உன்கிட்ட கேட்டுட்டுதான் பண்ணுவேன்." அதற்கு மேல் நீட்டாதே. "நீ எதுக்கு அந்த போட்டோவ போட்ட" என்று கேட்காதே. ஆண்டு விழாவில் புடவை கட்டி நின்றதை வேறு யாரோ எடுத்த படம் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதில் கேட்க என்ன இருக்கிறது? "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதே. அம்மாவிடம் சொல்ல வேண்டிவரும், போலீஸிடமும் சொல்ல வேண்டிவரலாம்.

இனி வேலை. பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். போன் அவள் கையில், நோட்டு உன் கையில். முதலில் சேமிப்பு, பிறகு ரிப்போர்ட், கடைசியில் பிளாக். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கோபத்தில் நாற்பது நண்பர்களைக் கூட்டி ரிப்போர்ட் அடிப்பார்கள். பக்கம் காணாமல் போகும். மறுநாள் ஸ்டேஷனில் "லிங்க் எங்க?" என்று கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. தவிர, நாற்பது ரிப்போர்ட்டுக்கு ஒன்றைவிட எடை அதிகம் கிடையாது. எண்ணிக்கையை வைத்து எதையும் நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. சரியான காரணத்தைத் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட் போதும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் முழுத் திரையும் விழ வேண்டும்: ஐடி பெயர், தேதி, நேரம் எல்லாம். வெட்டாதே, வட்டம் போடாதே, மேலே எழுதாதே. புரொஃபைல், ஒவ்வொரு பதிவு, கமெண்ட், டிஎம் என்கிற தனிச் செய்தி எனத் தனித்தனியாக எடு. ஸ்கிரீன்ஷாட்டை விட லிங்க் பெரிது. ஐடியின் பெயரை அவன் எந்த நிமிடமும் மாற்றலாம், பதிவின் லிங்க் மாறாது. பதிவில் ஷேர் குறியை அழுத்தி லிங்க்கை காப்பி செய்து ஒரு மெயிலில் ஒட்டி உனக்கே அனுப்பிவை. பல கணக்குகளில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதி இருக்கும். எந்த மாதம் தொடங்கியது, பெயர் மாறியிருக்கிறதா என்று அதில் தெரியும். அதையும் எடு. பிறகு ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டுவிட்டு, ஆப்பைத் திறப்பதிலிருந்து அந்தப் பக்கத்தை முழுதும் தள்ளிப் பார்ப்பது வரை ஒரே ஓட்டமாகப் பதிவு செய். டிஎம்மில் ஒருமுறை மட்டும் பார்க்கும் படமாக ஏதாவது வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முயலாதே. எடுத்தால் அனுப்பியவனுக்கு அறிவிப்பு போகலாம். அது வந்திருப்பதை இன்னொரு போனால் படம் பிடி.

இதில் ஒரு விலக்கு உண்டு. மார்ஃபிங் செய்த ஆபாசப் படம் வந்திருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் வேண்டாம், "ஆதாரத்துக்கு" என்று உன் போனுக்கு அனுப்பிக்கொள்ளவும் வேண்டாம். 18 வயது ஆகாத பிள்ளையின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் அண்ணனே ஆனாலும் சட்டச் சிக்கல். ஐடி, லிங்க், தேதி, நேரம் குறித்துக்கொண்டு போனை அப்படியே போலீஸிடம் காட்டு. அந்தப் படம் வேறு இடங்களில் ஏறாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஓர் எண் அடையாளம் மட்டும் உருவாகி, பங்கேற்கும் தளங்களுக்குப் போகும். 18 தாண்டியவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்று தனியாக உண்டு, குழப்பிக்கொள்ளாதே.

ரிப்போர்ட்டை அவள் கணக்கிலிருந்து அவளே கொடுப்பது நல்லது. அவள் பெயரிலும் படத்திலும் நடக்கிற ஐடி என்றால் 'ஆள்மாறாட்டம்', 'என்னைப் போல் நடிக்கிறார்' என்ற வழி. வெறும் 'பிடிக்கவில்லை' வகையைத் தொட்டால் பெரும்பாலும் "விதிமீறல் இல்லை" என்றுதான் பதில் வரும். ஆள்மாறாட்டம், மார்ஃபிங், நிர்வாணம் பற்றி பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் தளங்கள் 24 மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லியிருந்தன; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடுவை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்யும்போது சாட்டை அழிக்கும் கட்டமும் டிக் ஆகி நிற்கலாம். எடுத்துவிட மறந்தால் ஆதாரம் உன் கையாலேயே போகும். கமெண்டில் "இந்த ஹேக்கரைத் தொடர்புகொள், ஐடியைத் தூக்கிவிடுவார்" என்று வருவதெல்லாம் மோசடி. காசும் போகும், அவள் பாஸ்வேர்டும் போகும்.

அவள் இன்ஸ்டாகிராம் கணக்கில் பிறந்த வருடம் என்ன இருக்கிறது என்றும் பார். ஐந்தாறு வருஷம் கூட்டிப் போட்டுத்தான் பெரும்பாலான பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவிலும் பதின்வயதுக் கணக்குகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு: கணக்கு தானாகவே பிரைவேட், தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமில்லாமல் இதைத் தளர்த்த முடியாது. வருடம் பொய் என்றால் இதெல்லாம் அவளுக்குக் கிடைக்காமலே போகலாம்.

அவனைத் தேடிப் போவதைப் பற்றி. அவன்தான் என்பதற்கு உன்னிடம் இருப்பது "டைப் பண்ற ஸ்டைல்" மட்டும். ஐடிக்குப் பின்னால் எந்த நம்பர், எந்த ஐபி முகவரி என்பதைத் தளம் போலீஸுக்குத்தான் சொல்லும். பக்கத்து பெஞ்சுத் தோழியின் போனிலிருந்து நடந்த ஐடிகளும் உண்டு. அவனேதான் என்றாலும், நீ தட்டிய அடுத்த நிமிடம் எல்லாவற்றையும் அழிப்பான். அவனுக்கு 17, உனக்கு 20. கேஸ் உன் மேல் திரும்பும்.

"கடலூர்ல கொடுக்கணுமா, பாண்டியிலயா" என்று கேட்டிருந்தாய். வீடு கடலூரில், டியூஷன் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி, சந்தேகப்படும் பையனும் அந்தப் பக்கம் பாகூர். நம் பக்கத்தில் இது புதிதில்லை. இருபது நிமிட பஸ் பயணத்தில் மாநிலமே மாறுகிறது. இங்கே போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் இங்கே என்பார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவுசெய்ய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173-ஆம் பிரிவு இது. ஸ்டேஷனில் 'ஜீரோ எஃப்ஐஆர்' என்று சொன்னால் புரியும். அதனால் உங்கள் ஊர் மகளிர் காவல் நிலையம் போதும். போகுமுன் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் 'பெண்கள், குழந்தைகள்' பகுதியில் புகாரை ஏற்று. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் பின்தொடர முடியாது. நம்பர் கொடுத்துப் பதிந்தால் ஒப்புகை எண் வரும், அதை எடுத்துக்கொண்டு போ. 1930-க்கு அடித்து நேரத்தை விடாதே, அது முக்கியமாகப் பண மோசடிக்கானது.

புகாரில் "கிண்டல் செய்கிறார்கள்" என்று எழுதினால் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். மிரட்டல் வரியை அப்படியே, எழுத்துப்பிழையோடு எடுத்தெழுது. "உன் படத்தை வேற மாதிரி மாத்திப் போடுவேன்" என்று குழந்தையை மிரட்டுவது, போலிப் படமே ஆனாலும், போக்சோ சட்டம் 11-ஆம் பிரிவில் வருகிறது. 3 வருடம் வரை சிறை. யாராவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ என்று சொன்னால், அதை 2015-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. போக்சோ என்றால் வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே எடுக்கலாம், கூடியவரை பெண் எஸ்ஐ, சீருடையில் வரக்கூடாது. அவள் பெயரோ பள்ளியோ செய்தியில் வரக்கூடாது. அப்பா கேட்கும் "பேர் கெட்டுடுமே"வுக்கு இதுதான் பதில். ஐடி அழிந்துவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். நீக்கிய பதிவின் விவரத்தைத் தளங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும். தாமதித்தால்தான் கைவிட்டுப் போகும்.

நீ போகிற போக்கில் எழுதிய இன்னொன்று எங்களை அதிகம் உறுத்துகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டு, அவள் மட்டும் இல்லாமல் புதுக் குரூப் தொடங்கியிருக்கிறார்கள். அவள் முகத்தை ஸ்டிக்கர் ஆக்கியிருக்கிறார்கள். பேர் சொல்லாமல் "சில மூஞ்சிங்கள பாத்தாலே..." என்று ஸ்டோரி ஓடுகிறது. இதற்கு எந்தப் பிரிவும் இல்லை, ரிப்போர்ட் செய்தாலும் நிற்காது; பேரே இல்லையே! பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு ஃபேக் ஐடியை விட இது ஆழமாக வெட்டும், ஏனென்றால் செய்வது நேற்று வரை டிபன் பாக்ஸ் பகிர்ந்தவர்கள். அந்த இரண்டு மூன்று பேரை பிளாக் செய்யச் சொல்லாதே. அது உடனே தெரிந்து, அதுவே அடுத்த ஸ்டோரி ஆகும். இன்ஸ்டாகிராமில் 'ரிஸ்ட்ரிக்ட்' செய்யச் சொல். அவர்கள் கமெண்ட் அவர்களுக்கு மட்டும் தெரியும், மெசேஜ் ரிக்வெஸ்ட்டில் போய் விழும், அவள் பார்த்தாளா என்பது தெரியாது. ஸ்டோரியை மியூட் செய்யலாம். பிறகு ஒரே ஒரு தோழி போதும், குரூப்பில் இல்லாத பக்கத்துத் தெருப் பெண்ணானாலும் சரி. அவளை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லி அம்மாவிடம் பேசு.

பள்ளிக்கு வாய்மொழியாகச் சொல்லாதே. தேதியோடு ஒரு பக்கம் எழுதி, நகலில் கையெழுத்து வாங்கு. "சமரசம்" என்று இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைக்க முயல்வார்கள், மறுத்துவிடு. மிரட்டியவர் எதிரில் அவள் பேச மாட்டாள். அசையாவிட்டால் உதவி எண்ணுக்கு அடி: தமிழ்நாட்டுப் பள்ளிக்கு 14417, எந்தக் குழந்தைக்கும் 1098.

பேசவில்லை என்கிறாயே, அதைத் தனியாகக் கவனி. காலையில் வயிற்றுவலி, ராத்திரி 2 மணிக்கும் விழித்திருப்பது, சாப்பாடு குறைவது, இந்த வெயிலில் முழுக்கை, பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது இவற்றில் எது இருந்தாலும் நேராகக் கேள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காவிட்டால் அவள் தனியாகச் சுமப்பாள். "ஆமாம்" என்றால் திட்டாதே, அழவிடு, தனியே விடாதே. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அன்றைக்கே வெளியேற்று. 14416-க்கு அழை. 'நட்புடன் உங்களோடு' என்ற அரசு மனநல உதவி எண் அது. எந்நேரமும், இலவசம், தமிழில். நேரில் காட்ட கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, அல்லது கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவு.

தூக்கத்துக்காக ராத்திரி 10 மணிக்குப் போனை ஹாலில் வைக்கலாம். ஆனால் அப்பா போனும் உன் போனும் அதே இடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும். அவளுடையது மட்டும் என்றால் அது மறுபடியும் பீரோதான்.

உன் போனைப் பற்றியும் கேட்டுவிடுகிறோம். கல்லூரி குரூப்பில் யாரோ ஒரு பள்ளிப் பெண்ணின் "லீக்" என்று எதுவும் வந்ததே இல்லையா? குழந்தைகளின் ஆபாசப் படத்தை வெறுமனே டவுன்லோட் செய்து பார்ப்பது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2024 செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது தெரியுமா? தங்கச்சியிடம் போனைக் கொடுக்கப் போகுமுன் உன் வாட்ஸ்அப்பைத் திறந்து, சேர்த்து வைத்திருக்கும் ஸ்டிக்கர்களில் எத்தனை பெண்களின் முகம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போ.

அன்புடன்,
உன் அக்காக்கள்