மணி பிளான்ட் பாட்டிலில் மேலே மேலே தண்ணீர் ஊற்றினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்லியில் மழை தொடங்கிவிட்டால் டெங்கு பற்றி நிறைய எழுதுகிறீர்கள், நல்லது. ஆனால் கூலர், பழைய டயர், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லும்போது, டிவி பக்கத்திலும் சமையலறை ஜன்னலிலும் பாட்டிலில் வைத்திருக்கும் மணி பிளான்ட்டுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது.

முனிர்கா, ஆர்.கே. புரம், மயூர் விஹார் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கொடி இல்லாத தமிழர் வீட்டைப் பார்ப்பது அபூர்வம். காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை, பக்கத்து வீட்டு மாமி ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்தால் கணுவில் வேர் விட்டுவிடும், மண் தேவையில்லை, வெயிலும் அதிகம் கேட்காது. அதனால் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். தண்ணீர் குறைந்திருந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுகிறோம், பராமரிப்பு அவ்வளவுதான்.

இந்த ஊற்றும் பழக்கம்தான் ஆபத்து. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உள்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. காய்ந்து போனாலும் அந்த முட்டைகள் பல மாதம் உயிரோடு இருக்கும். நாம் மேலே தண்ணீர் ஊற்றும்போது மட்டம் ஏறுகிறது, முட்டை நனைந்து பொரிக்கிறது, மழைக்காலத்து வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் புழு கொசுவாகிப் பறந்துவிடுகிறது. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாலும், சுவரைத் தேய்க்காவிட்டால் முட்டை அங்கேயேதான் இருக்கும். இதைப் படித்தவர்கள் வீட்டிலும் பலருக்குத் தெரியவில்லை, கேட்டால் "நாங்க தண்ணி மாத்திட்டுதான் இருக்கோம்" என்கிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்துகொண்டு செடியை வெளியே எடுத்து, தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டி (சிங்க்கிலோ பாத்ரூமிலோ கொட்டினால் புழு சாகும் என்று சொல்ல முடியாது, மண்ணில் கொட்டினால் காய்ந்து செத்துவிடும்), பாட்டிலின் உள்பக்கத்தைப் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்து, வேர்களையும் குழாயில் அலசிவிட்டு அப்புறம் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேர்ச் சிக்கலுக்குள் புழு ஒளிந்திருக்கும், அதனால் அலசுவதை விடக் கூடாது. அழுகிக் கறுத்த வேர் இருந்தால் அதையும் கிள்ளிவிடலாம். கழுத்து குறுகிய மது பாட்டிலில் வைத்தால் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே கை போகாது, பிரஷ்ஷும் எல்லா இடத்துக்கும் எட்டாது. கை நுழையும் அகல வாய் ஜாடியில் வைத்து, தண்டைச் சுற்றி வாயைக் கொசுவலைத் துணியால் கட்டிவிடுவது மேல். கூழாங்கல் போட்டு வைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், கல்லிடுக்கில் நிற்பதும் தண்ணீர்தான். சிங்கோனியம், ஃபிலோடென்ட்ரான் எதைப் பாட்டிலில் வைத்தாலும் இதே கதைதான்.

வாராவாரம் முடியாது என்பவர்கள் ஜூலையிலிருந்து நவம்பர் வரையாவது செடியை மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதுவரை இலை கொஞ்சம் வாடும், அப்போது மட்டும் மண்ணைக் காயவிடாமல் வைத்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். வேர் பிடித்தபிறகு விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் ஊற்றினால் போதும். குளிர்காலத்தில் இன்னும் குறைக்க வேண்டும், இது பசிபிக் தீவிலிருந்து வந்த செடி, டெல்லி ஜனவரிக்கு ஏற்றதல்ல, ராத்திரியில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைக்காதீர்கள், ஹீட்டர் பக்கத்திலும் வேண்டாம். மே, ஜூனில் மேற்கு ஜன்னல் வெயில் நேராக அடித்தால் இலை கருகும்.

தொங்கும் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொட்டிகளின் அடியில் தட்டு ஒன்று ஒட்டியே வருகிறது, தலைக்கு மேலே இருப்பதால் அதில் நிற்கும் தண்ணீரை யாரும் பார்ப்பதே இல்லை. தண்ணீர் ஊற்றி அரைமணி கழித்து இறக்கி, தட்டில் வடிந்ததைக் கொட்டிவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும், வாரம் ஒருமுறை தட்டையும் தேய்க்க வேண்டும். இறக்கும்போதே தூசி படிந்த இலைகளை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், நம் ஊர்த் தூசியில் அது அவசியம். கொடி ஆறடி நீண்டு மேலே மொட்டையாகக் கிடந்தால் தாராளமாக வெட்டி, வெட்டிய துண்டுகளை அதே தொட்டியில் நடுங்கள், அடர்த்தியாகிவிடும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்துக்கு நறுக்கி வைப்பது கட்டாயம், இதன் இலையில் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி அறைக்கு நாலு பாட்டில் வைப்பவர்களும் உண்டு, நவம்பர் புகைமூட்டம் வந்தால் இது இன்னும் கூடுகிறது. 1989இல் நாசா செய்த சோதனையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் பென்சீன் போன்ற வாயுக்களை வைத்துச் செய்தது, நம் நெஞ்சை அடைக்கும் நுண்தூசியைப் பற்றியதல்ல. இப்படிப்பட்ட சோதனைகளை 2019இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, காற்று வந்துபோகும் சாதாரண வீட்டில் பலன் தெரிய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10, அதிகபட்சம் 1000 செடிகள் தேவைப்படும் என்று தெரிந்தது. பச்சையாக ஒரு கொடி வீட்டில் இருந்தால் மனதுக்கு நன்றாக இருக்கிறது, அதற்காக வையுங்கள், பார்த்துக்கொள்ள முடிகிற அளவுக்கு வையுங்கள்.

பயந்துபோய் எல்லாவற்றையும் குப்பையில் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் காலனியில் மாநகராட்சி ஆட்கள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போன மறுநாள், நன்றாகத் தழைத்திருந்த கொடிகள் குப்பைத் தொட்டி ஓரம் கிடந்தன. செடி என்ன செய்தது, தண்ணீரைத்தானே மாற்றவில்லை.

1996இல் டெல்லியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்து 423 பேர் இறந்தார்கள். 2015இல் டெங்கு வந்தவர்கள் எண்ணிக்கை 15,000ஐத் தாண்டியது. ஏடிஸ் அதிக தூரம் பறக்காது, பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும், பகலில்தான் கடிக்கும். ஆக நம் பிள்ளையைக் கடிப்பது பெரும்பாலும் நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்த கொசு.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூலை முதல் நவம்பர் வரை ஞாயிற்றுக்கிழமை இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, "இன்று பாட்டிலைத் தேய்த்தீர்களா, தொட்டித் தட்டைக் கவிழ்த்தீர்களா" என்று மட்டும் அச்சிடுங்கள். முட்டை ஒட்டியிருக்கும் பாட்டில் சுவரின் படத்தையும் ஒருமுறை பெரிதாகப் போட்டால் நல்லது. குடியிருப்போர் சங்கங்கள் அதை வெட்டி லிஃப்டில் ஒட்டட்டும், எங்கள் பிளாக்கில் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், டெல்லி