ஓர் இரவு கிடக்கட்டும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கம்பஸுக்குத் தெரிவானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியாது.

"தருகிற காசு ஒன்றுதான், பிறகேன் ஒரு பத்திரிகைக் கட்டுரையோடு இவ்வளவு மினக்கெடுகிறாய்" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். ஆனால் மச்சான், எழுதிய சூட்டில் வாசித்தால் மனதில் இருப்பதைத்தான் கண் வாசிக்கும். தாளில் விட்டுப்போனது பிடிபடாது. அதனால் ஓர் இரவாவது கிடக்கட்டும் என்று விடுகிறேன்.

போன கிழமை இங்கே சீனன்குடாவில் இருக்கிற எண்ணெய்க் குதங்களை, அதுதான் அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி எழுதினேன். "உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகத்தைத் தன்னகத்தே கொண்ட" என்று தொடக்கம். எங்கள் ஊரைப் பற்றி யார் எழுதினாலும் இந்த வரிதானே! அடுத்தநாள் பிரிண்ட் எடுத்துச் சத்தமாக வாசித்தேன். கட்டுரை மூன்றாம் பந்தியில்தான் தொடங்குகிறது: 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கிய இடத்தில். மேலே இருந்த இரண்டையும் வெட்டினேன். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தது பற்றி ஒரு நல்ல வசனம் இருந்தது, அதுவும் போய்விட்டது. எண்ணெய்க் குதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் மனம் கேட்கவில்லை, கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு பெயர்களுக்கும் எண்களுக்கும் மட்டும் இன்னொரு வாசிப்பு. குதங்கள் 99. "நூறளவில்" என்று போட்டால், துறைமுகத்தில் வேலை செய்து பென்ஷன் எடுத்த ஒரு பெரியவர் கட்டாயம் போன் எடுப்பார்.

நீளத்தையும் நாமே குறைப்பதுதான் நல்லது. 800 சொல் கேட்ட இடத்துக்கு 1,100 அனுப்பினால், பக்கம் கட்டுகிறவர் அவசரத்தில் கடைசிப் பந்தியில்தான் கைவைப்பார். நீ பாடுபட்டு எழுதிய முடிவு அங்கேதான் இருக்கும்.

ஓர் இரவு கிடக்கட்டும் என்பதற்காகப் பொங்கல் கட்டுரையைத் தை முடிந்தபிறகு அனுப்பச் சொல்லவில்லை. புயல், மீன்பிடித் தடை மாதிரிச் செய்தி என்றால் அன்றைக்கே போகவேண்டும்.

உன் பனங்கள்ளுக் கட்டுரையைப் பத்திரிகைக்குக் கொடுக்கமுதல் எனக்கு ஒருக்கா அனுப்பு. கோபிக்கமாட்டாய் என்றால் சிவப்புப் பேனையோடு உட்காருகிறேன். ஆவணி லீவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
சிவா