கேப் போட்டுக்கொள், மல்லிகா

அன்புள்ள மல்லிகா,

பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அதே கடிதத்தில், "ரூட் கெனால் முடிந்தது, வலி போய்விட்டது, பல்லை மூடுகிற கேப் தீபாவளிக்கு அப்புறம்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்துத்தான் உடனே எழுதுகிறேன்.

என் மேல் கடைவாய்ப் பல்லுக்கு நாலு வருஷம் முன்னால், உள்ளேயிருக்கிற நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கிற இதே வைத்தியம்தான் செய்தார்கள். வலியே இல்லை. போன மாசியில் பல் தேய்க்கும்போது ஈறில் அரிசி அளவுக்கு ஒரு பரு தட்டுப்பட்டது. அழுத்தினால் வாய் உப்புக்கரிக்கும். இரண்டு நாளில் அடங்கும், மறுபடி வரும். நரம்பை எடுத்த பல் கூச்சம் காட்டாது, மல்லிகா. வேர் நுனியில் எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாமலே போகலாம்.

வேறொரு டாக்டர் ஸ்கேன் எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தார். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். ஆனால் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கிற வேருக்குள் பெரும்பாலும் நரம்பு போகிற கால்வாய் இரண்டு ஓடுமாம். இரண்டாவது மயிரிழை போல இருக்கும். முதல் தடவை அதைத் திறக்கவே இல்லை. மூன்றைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டார்கள், நாலாவதில் கிருமி குடியிருந்திருக்கிறது.

எல்லாம் கிருமி செய்கிற வேலைதான். 1965-இல் அமெரிக்காவில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துத் திறந்தே விட்டிருக்கிறார்கள். அது தானாக ஆறியது. சாதாரண எலிகளுக்கு உள்ளே அழுகிப்போனது.

உன் கதைக்கு வருகிறேன். கிருமி மேலேயிருந்தும் இறங்கும். கேப் போடும்வரை தற்காலிகமாக வைத்த சிமென்ட் சில வாரம்தான் தாங்கும். அப்புறம் ஓரத்தில் இடுக்கு விழுந்து எச்சில் உள்ளே கசியும். எவ்வளவு நன்றாக அடைத்திருந்தாலும் அந்தக் கசிவை ரொம்ப நாள் தடுக்க முடியாது. அதோடு, குடைந்த கடைவாய்ப் பல்லுக்குப் பலம் குறைவு. ஒரு முறுக்கைக் கடித்து வேர்வரை விரிசல் விட்டால் அனேகமாகப் பிடுங்கத்தான் வேண்டும்.

எனக்கு மறுபடி திறந்து, அந்த நாலாவதையும் சுத்தம் செய்து, கேப் போட்டாயிற்று. பரு வரவில்லை. ஆறு மாசம் கழித்து எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தீபாவளி வரை வேண்டாம், இந்த வாரமே போ. அதுவரை அந்தப் பக்கம் கடிக்காதே. பேரன் தவழ்கிற போட்டோ ஒன்று அனுப்பு.

அன்புடன்,
வசந்தா