விலைப்பட்டியலை ஓரமாக வை, ரூட்டரைப் பார்

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. புது அலுவலகத்துக்கு இணையவழித் தொலைபேசி வைக்கப்போகிறாய் என்பதில் மகிழ்ச்சி. மூன்று நிறுவனங்களின் விலைப்பட்டியலை அனுப்பி எது தேவலாம் என்று கேட்டிருக்கிறாய். அதைக் கடைசியில் பார்ப்போம். யாரிடம் வாங்கினாலும் குரல் உன் ரூட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். பேச்சு கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

வேகம் போதாது என்று விற்பவர்கள் பயமுறுத்துவார்கள். நம்பாதே. குரலைத் தரவாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஜி.711 என்ற கோடெக்கில் ஓர் அழைப்புக்கு நொடிக்குப் போக 87 கிலோபிட், வர 87 கிலோபிட், அவ்வளவுதான். பத்துப் பேர் ஒன்றாகப் பேசினாலும் ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். சிக்கல், தரவு வெளியே போகக் காத்து நிற்கும் வரிசையில் இருக்கிறது. யாரோ ஒருவர் பெரிய கோப்பை அப்லோடு செய்ய ஆரம்பித்தால், குரலைச் சுமக்கும் சிறு தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள் அதன் பின்னால் நின்றுவிடும். எதிர்முனையில் இருப்பவருக்கு உன் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். உனக்கோ அவர் பேசுவது தெளிவாகவே இருக்கும், அதனால் அவர் போனில்தான் கோளாறு என்று நினைப்பாய்! ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடு. அப்லோடு வரம்பையும் உண்மையான வேகத்தில் 90 சதவீதமாகக் குறைத்து வை. அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் உன் ரூட்டரிலேயே நிற்கும்; முன்னுரிமைக்கும் அர்த்தம் இருக்கும்.

இணைப்பின் தரத்தை அளப்பதை வேலை நேரத்தில், வைஃபையில் இல்லாமல் கம்பி இணைப்பில், ஒரு பெரிய கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே செய். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள், ஜிட்டர், அதாவது அந்தத் தாமதத்தின் ஏற்ற இறக்கம், 30 மில்லிநொடிக்குள், வழியில் தொலையும் பாக்கெட்டுகள் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விடுமுறை நாளில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

ரூட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ (SIP ALG) என்று ஓர் அமைப்பு இருக்கும்; எஸ்ஐபி என்பது இணையவழி அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் நெறிமுறை. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அழைப்புச் செய்திகளில் உள்ள முகவரிகளை மாற்றி எழுதும். முதல் வேலையாக அதை அணைத்துவிடு. ஒருபக்கம் மட்டும் குரல் கேட்பது, சொல்லிவைத்தாற்போல் 32-ஆவது நொடியில் அழைப்பு அறுவது, இவை இரண்டும் இந்த வகைக் கோளாறின் அடையாளம். அழைப்பை எடுத்த பக்கம் அனுப்பும் பதிலுக்கு ஒப்புதல் திரும்பி வராவிட்டால், 32 நொடி பார்த்துவிட்டு அது துண்டித்துக்கொள்ளும்.

மின்சாரம் போனால் இந்தப் போன்களும் போய்விடும். பழைய தரைவழித் தொலைபேசி மாதிரி இல்லை. மேசைப் போன்களுக்கு மின்சாரத்தையும் சேர்த்தே அனுப்பும் பிஓஇ (PoE) சுவிட்சை வாங்கி, சுவிட்ச், ரூட்டர், மோடம் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டு. இணையமே நின்றுவிட்டால் அழைப்புகள் தானாகக் கைபேசிகளுக்குத் திரும்புமாறு, சேவை தரும் நிறுவனத்தின் அமைப்பிலேயே ஏற்பாடு செய்துகொள்.

பாதுகாப்பில் அலட்சியம் வேண்டாம். 101 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு (அலுவலக உள் எண்ணுக்கு) 101 என்றே கடவுச்சொல் வைத்தால், ஒரே இரவில் உன் கணக்கிலிருந்து வெளிநாடுகளுக்கு அழைப்பு பறக்கும். பில் உன் தலையில் விழும். தேவையில்லாத நாடுகளை மூடிவிட்டு, நாளொன்றுக்குச் செலவு வரம்பும் கேட்டு வாங்கு.

இனி விலை. ஆளுக்கு இவ்வளவு என்பதும், ஒரே நேரத்தில் ஓடும் அழைப்புக்கு இவ்வளவு என்பதும் வேறுவேறு கணக்கு. பழைய பில்களைப் பார்த்து, உச்ச நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணு. இருபது பேரில் ஆறு பேர்தான் என்றால் இரண்டாவது வகை லாபம். எல்லாரும் நாள் முழுக்கப் போனில் இருப்பவர்கள் என்றால் முதல் வகை. பேக்ஸ் இன்னும் ஓடுகிறதா? அப்படியானால், இணையவழியில் பேக்ஸ் அனுப்பும் முறையான டி.38 உண்டா என்று கேள்.

ஒன்றை மறந்துவிடாதே. எண்கள் புது நிறுவனத்துக்கு மாறி முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதே. முந்திக்கொண்டால் எண்ணே கைவிட்டுப் போகலாம். ஒப்பந்தத்தை முறித்தால் எண்ணைக் கொண்டுபோக விடுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கு.

அளந்த எண்களையும் ரூட்டரின் மாடலையும் எழுதி அனுப்பு. அதற்கப்புறம் அந்த மூன்று பட்டியலையும் பிரித்து வைத்துக்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்