தம்பி விஷயமாக

அன்புள்ள செந்தில்,

உன் மெயில் கிடைத்தது. எனக்கிருக்கும் அதே பைபோலார், மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய், உன் தம்பிக்கு மறுபடியும் வந்துவிட்டது என்பதைவிட, "மாத்திரை ஒழுங்காகத்தானே போட்டான், அப்புறம் ஏன்டா?" என்று நீ கேட்டிருந்த வரிதான் மனசைப் பிசைந்தது. இதே கேள்வியை என் வீட்டிலும் என்னைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

அம்மா "கண் பட்டுவிட்டது" என்கிறார் என்று சலித்துக்கொள்கிறாய். அதில் பாதியை நான் ஒப்புக்கொள்வேன். கடை திறந்தான், வியாபாரம் சூடு பிடித்தது, ஊரே பாராட்டியது, அதற்கப்புறம்தானே தலைகால் புரியாமல் ஆடினான்? ஷெரி ஜான்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் பைபோலார் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் எழுதியதும் இதுதான்: நினைத்த காரியம் கைகூடிய பிறகு மேனியா, அதாவது மனம் அளவுக்கு மீறிப் பொங்கும் நிலையின் அறிகுறிகள் கூடுகின்றன. வீட்டில் ஒரு சாவு என்றால் எல்லாரும் உஷாராகிவிடுவோம், நல்லது நடக்கும்போது யார் கவனிக்கிறார்கள்?

மீதிப் பாதி தூக்கம். சரக்கு அடுக்குகிறேன் என்று விடிய விடியக் கடையிலேயே கிடந்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். எங்களுக்குத் தூக்கம் கெடுவது அறிகுறியும்தான், காரணமும்தான். பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் குழு இதை வைத்தே ஒரு சிகிச்சையை உருவாக்கி 2005-இல் முடிவுகளை வெளியிட்டது. எழுவது, முதல் ஆளோடு பேசுவது, வேலை தொடங்குவது, இரவுச் சாப்பாடு, படுப்பது என்று ஐந்து நேரங்களைத் தினமும் குறித்து, அவை முன்னே பின்னே போகாமல் பார்த்துக்கொள்வது. என் பிரிட்ஜ் கதவில் அந்தத் தாள்தான் ஒட்டியிருக்கிறது, பால் கணக்குக்குப் பக்கத்தில்.

இப்போது உங்கள் எல்லாருக்கும் ஒன்று, கோபப்படாதே. அவன் வீடு திரும்பியதும் கொஞ்சம் சிரித்தால் உடனே "மாத்திரை போட்டியா?" என்று ஆரம்பிக்காதீர்கள். சாம்பாரில் உப்பு போதாது என்று சற்று சத்தமாகச் சொன்னால்கூட என் மனைவியும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே கோபம் வரும், வந்ததும் "பார்த்தியா!" என்பார்கள். குத்திக்காட்டுவதும் சண்டையும் நிறைந்த வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியதாக 1988-லேயே மிக்லோவிட்ஸ் குழு காட்டியிருக்கிறது. உங்களால் நோய் வந்தது என்று சொல்லவில்லை, இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு.

வேவு பார்ப்பதற்குப் பதிலாக, அவன் தெளிவாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் என்ன மாறியது என்று அவனையே எழுதச் சொல். எனக்கு அது விடிகாலையில் பழைய சினேகிதர்களுக்கெல்லாம் போன் போடுவது (உனக்கும் வந்திருக்குமே!). அது தெரிந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் அவனே முடிவு செய்யட்டும், அது நீயாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பெண் பார்க்கும் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடு. எப்போது செய்தாலும் மறைத்துச் செய்யாதே. மறைத்துவிட்டால் மாத்திரையையும் ஒளித்துத்தான் போட வேண்டிவரும், அப்படியே ஒருநாள் விட்டும் போகும். லித்தியம் என்ற பைபோலார் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வேகமே வேறு.

உன் மகள் சடங்குக்கு மதுரை வருகிறேன். ராத்திரி முழுக்கப் பாண்டியனில் புரண்டுகொண்டு வருவதாக இல்லை, முந்தின நாளே வைகையில் வந்துவிடுவேன். ஒன்பதரை வாக்கில் ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வா, சாப்பிட்டதும் படுத்துவிடுவேன், பேச்செல்லாம் காலையில்தான்.

அன்புடன்,
ரவி