செயலாளர் ஆண்டறிக்கை 2025: அக்கம்பக்கத்தின் மீள்திறனை அளந்த ஆண்டு

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நம் தமிழ்ச் சங்கம் செய்த பணிகளை இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி மாதத்தையொட்டிப் பிள்ளைகளுக்குக் கதைசொல்லும் போட்டி வைத்தோம். நாட்டின் 60ஆம் பிறந்தநாளுக்கு அண்டை அயலாரோடு சேர்ந்து காலைச் சிற்றுண்டி உண்டோம். தீபாவளிக்கு முன்பு வாடகை வீடுகளில் வசிக்கும் குடும்பங்களுக்கு மளிகைப் பை கொடுத்தோம். எல்லாம் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தமது அறிக்கையில் விளக்குவார்.

இந்த ஆண்டு செயற்குழு அதிக நேரம் செலவிட்டது வேறொரு பணிக்கு. நம் வட்டாரத்தில் மூன்று புளோக்குகளில் வீடு வீடாகச் சென்று, மக்களின் நலவாழ்வையும், ஒரு நெருக்கடி வந்தால் தாங்கி எழும் திறனையும் அளந்து பார்த்தோம். ஏன் இதில் இறங்கினோம், என்ன கேட்டோம், என்ன தெரிந்தது என்பதை விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

நம் அறிக்கைகளில் எப்போதும் இடம்பெறுவது விழாவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. சாப்பாட்டுக்குச் சொல்லவும், மானியம் கேட்கவும் அந்த எண் தேவை. ஆனால் வராதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் கட்டுப்பாட்டால் எல்லாரும் வீட்டோடு இருந்தோமே, அப்போது யாருக்கு மருந்து வாங்கித்தர ஆளில்லை என்பது உறுப்பினர் பட்டியலைப் புரட்டித் தெரியவில்லை. அந்தந்த மாடியில் இருந்தவர்களைக் கேட்டுத்தான் தெரிந்தது.

இதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரைக் கடும் வெப்ப அலை தாக்கியது. வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அடுத்தடுத்து இருந்த இரண்டு வட்டாரங்களை எரிக் கிளினன்பர்க் என்ற சமூகவியலாளர் ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழ்மை உண்டு, தனியாக வாழும் முதியவர்களும் ஏராளம். ஆனால் வடக்கு லான்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தபோது தெற்கு லான்டேலில் இறந்தவர்கள் லட்சத்துக்கு 4 பேர்தான். தெற்கே கடைகள் திறந்திருந்தன, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் பயமின்றி வெளியே வந்தார்கள். வடக்கே கடைகள் மூடிப்போய், காலி மனைகள் பெருகி, முதியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள்.

இங்கே 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவாகி, 1983இல் தெங்கா வட்டாரத்தில் பதிவான உச்ச வெப்பநிலையைச் சமன் செய்தது. 2030க்குள் குடிமக்களில் நால்வருக்கு ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார் என்று அரசாங்கம் கணித்திருக்கிறது. வெயிலும் முதுமையும் சேர்ந்து வரும்போது, சாத்திய கதவுக்குள் யார் இருக்கிறார் என்று தெரிந்திருப்பது உயிர் காக்கும் விஷயம் என்று செயற்குழு உறுதியாக நம்புகிறது.

நம்மவர்களுக்கு இதில் தனிக் கவலையும் ஒன்று இருக்கிறது. 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் ஒவ்வொன்றிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ்கிறோம். அது நல்ல கொள்கை. எங்கள் பிள்ளைகள் அதன் பலனோடு வளர்ந்தவர்கள். அதே நேரத்தில், ஒரு மாடியில் தமிழ் பேசும் வீடு ஒன்றே ஒன்று இருப்பது சாதாரணம். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டிக்கு நெஞ்சு வலித்தால் முதலில் ஓடிவர வேண்டியவர் எதிர்வீட்டுச் சீன அம்மாவோ மலாய்க்காரத் தம்பியோதான். சங்க உறுப்பினர் மூன்று புளோக் தள்ளி இருப்பார். அதனால் தமிழ் வீடுகளை மட்டும் கேட்பது போதாது என்று முடிவு செய்து, மூன்று புளோக்குகளிலும் எல்லாக் கதவுகளையும் தட்டினோம். வசிப்போர் குழுவின் தொண்டூழியர்கள் மாண்டரினும் மலாயும் பேசி உடன் வந்தார்கள். அவர்களுக்கு இந்தச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

வீவக 1968 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாதிரிக் குடும்ப ஆய்வு நடத்துகிறது. அண்டை வீட்டாருடன் பழகுவது பற்றியும் அதில் கேட்கிறார்கள். நாடு முழுவதற்குமான நிலை அதில் தெரியும். நம் காப்பிக் கடைக்கு மேலே உள்ள பதின்மூன்று மாடியில் என்ன நிலை என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

கேள்விகளை நாங்களாக மனம்போனபடி எழுதவில்லை. நலவாழ்வுக்கு, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டோம். கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக இருந்தீர்களா, அமைதியாக இருந்தீர்களா, சுறுசுறுப்பாக உணர்ந்தீர்களா, காலையில் தெளிவாக எழுந்தீர்களா, அன்றாட வாழ்வில் உங்களுக்கு ஆர்வமான காரியங்கள் இருந்தனவா என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி 4ஆல் பெருக்கினால் 100க்குக் கணக்கு வரும். 50க்குக் கீழே இருந்தால் மனநலம் குறித்துக் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எனவே குறைந்த மதிப்பெண் வந்த இடங்களில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் பலதுறை மருந்தகத்தின் விவரத்தையும் கொடுத்து, விருப்பம் தெரிவித்தவர்களை மட்டும் மறுபடி சென்று பார்த்தோம்.

அக்கம்பக்க உறவுக்கு, சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வைப் பின்பற்றினோம். அதுவும் சிகாகோதான்: 343 வட்டாரங்கள், 8,782 பேர். இங்குள்ளவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவார்களா, நம்பத் தகுந்தவர்களா, பள்ளிக்குப் போகாமல் சுற்றும் பிள்ளையைக் கண்டால் யாராவது கேட்பார்களா என்ற வகைக் கேள்விகள். ஏழ்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் நம்பி, தலையிடத் தயங்காத இடங்களில் வன்செயல் குறைவாக இருந்ததை அவர்கள் கண்டார்கள்.

இவற்றோடு நம் புளோக்குக்கென்று சில கேள்விகளைச் சேர்த்தோம். உங்கள் வீட்டுச் சாவி இந்த மாடியில் வேறு யாரிடமாவது இருக்கிறதா? நள்ளிரவில் உடம்பு முடியாமல் போனால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? இதயத் துடிப்பு நின்றுபோனவருக்கு மின் அதிர்வு கொடுக்கும் ஏஇடி கருவி அருகில் எங்கே இருக்கிறது? நேற்று வீட்டுக்கு வெளியே யாரிடம் பேசினீர்கள்?

எண்கள் உங்கள் கையில் உள்ள பட்டியலில் இருக்கின்றன. எண்ணில் அகப்படாததை மட்டும் இங்கே சொல்கிறேன். பக்கத்து வீட்டாரைப் பார்த்தால் தலையசைப்போம், பெருநாளுக்குப் பலகாரம் கொடுப்போம் என்று ஏறக்குறைய எல்லாருமே சொன்னார்கள். ஆனால் நள்ளிரவுக் கதவு என்று கேட்டதும் பலர் சற்று யோசித்து, "995க்குத்தான் போன் செய்வேன்" என்று ஆம்புலன்ஸ் அவசர எண்ணைச் சொன்னார்கள். 995ஐ அழைக்கத்தான் வேண்டும். அதோடு, இதயத் துடிப்பு நின்றுபோனவருக்கு ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரையிலான நிமிடங்களில் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி, 400 மீட்டருக்குள் இருக்கும் தொண்டூழியருக்குச் செய்தி அனுப்புகிறது. ஏஇடி பெட்டியை மின்தூக்கி அருகே தினமும் கடந்துபோகிறவர்களே அது எங்கே என்று கேட்டதும் தடுமாறினார்கள்.

முதியவர்கள் சிலர் நாள் முழுவதும் பேசும் ஒரே ஆள் காப்பிக் கடையில் தேநீர் கலக்குபவர். அவர் ஊருக்குப் போயிருந்த மாதத்தைப் பற்றி ஒரு பெரியவர் வருத்தத்தோடு சொன்னார். கீழ்த்தளக் கடையையும் கல்மேசையையும் நாம் வசதி என்று நினைக்கிறோம். அவை பாதுகாப்பு என்று இந்த ஆய்வுக்குப் பிறகு நான் சொல்வேன்.

இன்னொன்று எங்களை வியக்க வைத்தது. மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குக் குடும்பத் தலைவர் விழித்தபோது, சமையலறையிலிருந்து வந்த பணிப்பெண் ஒவ்வொரு வீடாகச் சொன்னார்: இந்த வீட்டு ஆச்சிக்கு நடக்க முடியாது, அந்த வீட்டு அங்கிள் டயாலிசிஸ் போகிறார் என்று. ஒரு வீட்டில் அல்ல, பல வீடுகளில் இப்படி நடந்தது. நம் புளோக்கின் பாதுகாப்பில் பெரும்பங்கு அந்தப் பெண்களிடம் இருக்கிறது. நெஞ்சழுத்த முதலுதவிப் பயிற்சிக்கு அவர்களை முதலில் அழைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பயிற்சி அவர்களுடைய ஓய்வுநாளை விழுங்காமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

சராசரியை நம்பி நிம்மதியடைய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மூன்றில் ஒரு புளோக்கின் சராசரி மிக நன்றாக வந்திருக்கிறது. அதே புளோக்கில்தான் எங்களை உள்ளே அழைத்து, உட்கார வைத்து, வெகுநேரம் போகவிடாமல் பேசிக்கொண்டிருந்த தனிமையான வீடுகளும் இருந்தன. இதனாலேயே புளோக்குகளை வரிசைப்படுத்தி முதலிடம் கொடுக்கும் யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை.

எதிர்ப்பும் வந்தது, அதைப் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் மனத்தின் நிலையைக் கேட்க நமக்கு என்ன உரிமை, பக்கத்து வீட்டுக்காரனிடம் யார் உண்மை சொல்வார் என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. அதன் பிறகே தாளில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதுவதில்லை, அவரவர் புளோக்கில் அவரவரே கேட்பதில்லை, பதில் சொல்ல மறுத்தால் இரண்டாம் முறை வற்புறுத்துவதில்லை என்று விதி வகுத்தோம். மறுபடி வரச் சொன்னவர்களின் விவரம் மட்டும் தனித்தாளில் இருந்தது. பார்த்து முடித்ததும் அழிக்கப்பட்டது. பகலில் சென்றால் முதியவர்கள் மட்டுமே அகப்படுவார்கள் என்பதால் வேலைமுறை மாறிவருவோருக்காக இரவு எட்டு மணிக்கும் ஞாயிறு காலையிலும் சென்றோம்.

சங்கம் வலுவாக இருந்தால் மட்டும் எல்லாருக்கும் நன்மை வந்துவிடாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை ஊர்களில் டேனியல் ஆல்டிரிச் என்ற அரசியல் அறிவியலாளர் ஆய்வு செய்தார். ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்து, அரசோடும் தொண்டு நிறுவனங்களோடும் தொடர்பு வைத்திருந்த மீனவர் ஊர்களுக்கு உதவி விரைந்து வந்தது. அதே ஊர்களில் பஞ்சாயத்துப் பட்டியலில் இடம்பெறாத தலித்துகளும் பெண்களும் பலவேளைகளில் விடுபட்டுப் போனார்கள். நம் தீபாவளிப் பைகள் உறுப்பினர்களின் பரிந்துரைப்படியே போகின்றன. உறுப்பினர் யாருக்கும் அறிமுகமில்லாத வீடுகள் இந்த ஆய்வில் தென்பட்டன. அந்த வீடுகளையும் சேர்த்தே இவ்வாண்டுப் பைகள் கொடுக்கப்பட்டன.

ஆய்வு முடிந்த பின் செய்தவை: ஒவ்வொரு மாடியிலும் விருப்பமுள்ள இருவர் தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொண்டார்கள். ஏஇடி இருக்கும் இடத்தை நான்கு மொழிகளிலும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட நகர மன்றத்தின் அனுமதி பெற்றோம். தனியாக வாழும் முதியவர்களில் சம்மதித்தவர்களை அருகிலுள்ள துடிப்புடன் மூப்படைதல் நிலையத்தில் அறிமுகம் செய்துவைத்தோம். அங்கே தமிழ் பேசுவோர் குறைவு என்று தயங்கியவர்களுக்காக, செவ்வாய்க் கிழமைகளில் நம் மகளிர் பிரிவினர் உடன் போய் உட்காருகிறார்கள்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். இதே புளோக்குகளில் இதே கேள்விகளைச் சொல் மாற்றாமல் 2026 இறுதியில் மறுபடி கேட்க வேண்டும். அப்போதுதான் மாற்றம் தெரியும். புதிதாகச் சாவி வாங்கிக் குடியேறும் பிடிஓ (தேவைக்கேற்பக் கட்டித் தரப்படும் வீவக வீடுகள்) புளோக் ஒன்றையும் சேர்க்க வேண்டும். இப்பணிக்கான அச்சுச் செலவுக்கும் பயிற்சிச் செலவுக்கும் விழா நிதியிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். பொங்கல் சாப்பாட்டில் ஒரு வகை குறையும் என்று பொருளாளர் எச்சரித்திருக்கிறார். அதற்கு உங்கள் சம்மதத்தை மனமார வேண்டுகிறேன்.

கதவைத் திறந்து பதில் சொன்ன குடும்பங்களுக்கும், மாடி மாடியாக ஏறிய தொண்டூழியர்களுக்கும், கீழ்த்தளத்தைப் பயன்படுத்த இடமளித்த நகர மன்றத்துக்கும், வசிப்போர் குழுவுக்கும், கணக்காய்வாளர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையையும் மூன்று தீர்மானங்களையும் அவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். வழிமொழிய விரும்புவோர் கையுயர்த்தலாம்.

செயலாளர்